கொடையும் வரிசையும்



ஒரு குடும்பத்தின் நிலை எத்தகையது என்று அறிய, அந்நாளில் வீட்டிற்குள் நுழைய வேண்டியதில்லை. வாசற்கதவைப் பார்த்தாலே போதும். தேக்கில் செய்த நிலை, அதன் மேல் கொடிக்கருக்கு, இருபுறமும் கிளி, தாமரை, நடுவில் பித்தளைக் குமிழ் என்றிருந்தால், உள்ளே இருப்பவர் ஊரில் நாலு பேர் எழுந்து நிற்கும் பெரியவர் என்று வழிப்போக்கனுக்கும் விளங்கிவிடும். இன்று அந்தக் கதவு இரும்புக் கதவாகிவிட்டது. பெருமை கதவை விட்டு இறங்கிக் கிரானைட் தரைக்கும், அங்கிருந்து வரவேற்பறைத் தொலைக்காட்சிக்கும், பின்பு முச்சந்தியிலுள்ள பிளெக்ஸ் தட்டிக்கும், கடைசியாகக் கைப்பேசியில் காலையும் மாலையும் மாற்றி வைக்கும் 'ஸ்டேட்டஸ்' படத்திற்கும் இடம் பெயர்ந்துள்ளது.

பெருமையை வெளிக்காட்டும் ஆசை மனிதனுக்குப் புதிதன்று. காட்டும் சாதனம்தான் காலத்துக்குக் காலம் மாறுகிறது. சாதனம் மாறும்போது, பழைய சாதனத்தைச் செய்து பிழைத்த கலைஞன் என்ன ஆகிறான்? கலைஞனைக் காக்கும் கடமை யாருடையது? இக்கேள்விகளுக்கு விடை தேட நாம் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. கள்ளக்குறிச்சி வட்டாரமே நமக்குப் பாடநூலாக விளங்குகிறது.

இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், தென்பெண்ணை ஆற்றங்கரையில் அமைந்துள்ளது திருக்கோவலூர். சங்க காலத்தில் அது மலையமான்களின் தலைநகர். கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய மலையமான் திருமுடிக்காரி அங்கிருந்து ஆண்டான். நாடி வந்த புலவர்க்குத் தேர்களை வாரி வழங்கியவன் என்று அவன் புகழ்பெற்றான். அக்காலத்தில் புகழைச் சுமந்து சென்ற சாதனம் சொல் ஒன்றே. புலவன் பாடினால் அரசன் பெயர் நாடெங்கும் பரவும். பாடாவிடில் அவனோடு மடியும். ஆகவே தேரும் யானையும் பொற்றாமரையும் கொடுத்துச் சொல்லை வாங்கினார்கள்.

அந்தக் காரியிடம் கபிலர் ஒரு குறையைக் கண்டார். புறநானூற்றின் 121-ஆம் பாட்டு அதைச் சொல்கிறது. காரி வந்தவர் எல்லாருக்கும் ஒரே அளவாகக் கொடுத்தான். கேட்பதற்கு இது நல்ல குணமாகவே தோன்றும். கபிலரோ, நிறையக் கொடுப்பது எளிய செயல். வந்தவரின் தகுதியை அறிந்து அதற்கேற்பப் போற்றுவதுதான் கடினம். ஆகவே புலவரிடத்தில் பொதுநோக்கை விட்டுவிடு என்று அரசனின் முகத்துக்கு நேரே அறிவுறுத்தினார். பரிசில் பெறுபவன் பரிசில் தருபவனுக்குச் சொன்ன அறிவுரை இது. பணம் இருந்தால் மட்டும் ஒருவர் புரவலர் ஆகிவிட முடியாது, கலையின் தரம் அறியும் கண்ணும் வேண்டும் என்பதே அதன் பொருள். வாசகர்கள் இதனை நெஞ்சில் நிறுத்திக்கொள்ள வேண்டுகிறோம்; இக்கட்டுரை முழுவதற்கும் இதுவே உரைகல்.

சொல்லுக்குப் பின் கல் வந்தது. சோழர் காலத்தில் கோவில்கள் கற்றளிகளாயின. மன்னரும் அரசியரும் வணிகரும் ஊர்ச்சபையாரும் தத்தம் கொடைகளைச் சுவரில் வெட்டி வைத்தனர். ஒரு நந்தா விளக்கை எரிப்பதற்கு 90 அல்லது 96 ஆடுகள் கொடுத்தவரின் பெயரும் கல்லில் நின்றது. இராசராச சோழனின் தாய் வானவன் மாதேவி மலையமான் குலத்தவர். அவர் பிறந்த குடியின் பெருமையையும், கபிலர் பாரியின் மகளை மலையமானுக்கு மணம் செய்து கொடுத்துப் பின் தீப்புகுந்த செய்தியையும் திருக்கோவலூர் வீரட்டானத்துக் கல்வெட்டு இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறது. சொல் கல்லாக மாறியபோது ஒரு புதிய வழக்கமும் பிறந்தது. கொடுத்த பொருளின் அருகிலேயே கொடுத்தவர் பெயரும் இடம் பிடித்தது. நம் ஆலயங்களில் மின்விசிறி இறக்கையிலும் குழல்விளக்குப் பட்டையிலும் 'உபயம்' என்று எழுதுகிறோமே, அதற்கு வயது ஆயிரத்துக்கு மேல்!

கல்லுக்கு இணையாக மரமும் வளர்ந்தது. கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவலூர் வட்டாரத்து மரச்சிற்பிகளின் முன்னோர் மதுரைப் பகுதியிலிருந்து குடிபெயர்ந்தவர்கள் என்பது இக்கலையின் வழிவழிச் செய்தி. தேரும் வாகனமும், கோவிற்கதவும் வீட்டு நிலையும், தூணும் போதிகையும் அவர்கள் கைவண்ணம். வாகை, பூவரசு, வேம்பு, மா, தேக்கு என்று மரத்துக்கு மரம் அவர்களுக்கு ஒரு கணக்கு உண்டு. உருவத்தை மரத்தில் வரைந்து, பெரிய உளியால் வெட்டி இறக்கி, சிற்றுளியால் கண் மூக்கு திறந்து, கடைசியில் உப்புத்தாள் தேய்த்து மெருகேற்றும் வரை, ஒரு சிலைக்கு நாட்கள் அல்ல, வாரங்களும் ஆகலாம். அத்தனை நாளும் அவன் வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே! எரியச் செய்தவர்கள் கோவிலும் மடமும் ஜமீனும் பெருநிலக்கிழாருமே.

1948-ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டத்தோடு அந்தப் புரவலர் வரிசை கலைந்தது. மேற்கே நிமிர்ந்து நிற்கும் கல்வராயன் மலையில் அது இன்னும் தாமதித்தது. சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன், சடையக் கவுண்டன், குறும்பக் கவுண்டன், அரியக் கவுண்டன் என்னும் ஐந்து ஜாகீர்களாகப் பிரிந்திருந்தது அம்மலை. 1963-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பயனாக 1976-இல்தான் ஜாகீர்கள் அரசின் கைக்கு வந்தன. காஞ்சியிலிருந்து வந்தவர்கள் எனத் தம்மைச் சொல்லிக்கொள்ளும் மலையாளி மக்கள் அதுவரை ஜாகீர்தாருக்குக் கட்டுப்பட்டே வாழ்ந்தனர். ஆகவே பழைய புரவலர் போனதற்காக நாம் கண்ணீர் வடிக்க வேண்டியதில்லை. பலர் வியர்வையில்தான் சிலர் வீட்டுக் கதவு மின்னியது. ஆயினும் ஜமீன்தார் போனபின் சிற்பியின் உளிக்கு வேலை கொடுப்பவர் யார் என்னும் கேள்வி மட்டும் எஞ்சி நின்றது.

அரசு ஓரளவு விடை கொடுத்தது. 1973-இல் தமிழ்நாடு கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகம் அமைந்தது. 'பூம்புகார்' என்னும் அதன் விற்பனை நிலையங்களை யாவரும் அறிவர். கள்ளக்குறிச்சியிலும் அதற்கு ஓர் உற்பத்தி நிலையம் உண்டு. புரவலர் மாறியதும் கலைப்பொருளும் மாறியது என்பதைக் கவனியுங்கள். கோவில் கேட்டது தேர். ஜமீன் கேட்டது நிலைக்கதவு. நகரத்து வாடிக்கையாளரும் வெளிநாட்டுப் பயணியும் கேட்டதோ, அலமாரியில் வைக்கவும் பெட்டியில் எடுத்துச் செல்லவும் ஏற்ற சிறு சிலை. உளி அதேதான், அளவும் நோக்கமும் வேறு.

இனி, அச்சின் கதையைப் பார்ப்போம். திருவிதாங்கூர், பரோடா அரண்மனைகளுக்குத் தைல வண்ண ஓவியம் தீட்டிப் பெயர்பெற்றவர் இரவிவர்மா (1848-1906). அவர் 1894-இல் மும்பையில் அச்சகம் நிறுவித் தம் ஓவியங்களை வண்ணப் படிகளாக அச்சிட்டார். அரசர் மட்டுமே பார்த்த படம் அஞ்சறைப் பெட்டிக்கு மேலே, ஏழையின் சுவரிலும் தொங்கலாயிற்று. தமிழகத்தில் இதன் அடுத்த கட்டம் நாட்காட்டி. நாடகத் திரைச்சீலைகள் தீட்டிப் பழகிய கோவில்பட்டிக் கொண்டையராஜுவும் (1898-1976) அவர் மாணாக்கரும் தீட்டிய படங்கள் சிவகாசியில் அச்சாகி வீடுதோறும் புகுந்தன. இங்கே புரவலர் யார்? படத்தின் கீழே தம் பெயரை அச்சிட்டு இலவசமாய்க் கொடுத்த ஜவுளிக்கடைக்காரரும் நகைக்கடைக்காரரும்தாம்! நம் வீடுகளிலும் திருஇருதயப் படத்தின் பாதத்தருகே ஏதோ ஒரு கடையின் முகவரி இருக்கும். செபம் சொல்லும்போது கண் அந்த முகவரிமேலும் படத்தான் செய்கிறது.

இதில் தீமை மட்டும் உண்டு என்று நாம் சொல்ல மாட்டோம். அரண்மனைக்கு வெளியே நின்றவனுக்கு அச்சு ஒரு பெரிய விடுதலை. நிழற்படமும் அவ்வாறே. 1839-இல் பாரிஸில் தகேர் தம் நிழற்பட முறையை வெளியிட்டபோது, உருவ ஓவியர் பலர் பிழைப்பை இழந்தனர். ஆனால் ஓவியனுக்குக் கூலி கொடுக்க முடியாத ஏழை விதவை, இறந்துபோன கணவனின் முகத்தைச் சுவரில் மாட்டி வைத்துக்கொள்ள வழி பிறந்ததும் அதே நிழற்படத்தால்தான்.

இங்கே ஒரு விதி புலப்படுகிறது. எது அரிதோ அது பெருமையின் அடையாளமாகிறது; அது மலிந்தவுடன் பெருமை வேறிடம் தேடி ஓடுகிறது. இதற்குத் தொலைக்காட்சியை விடத் தெளிவான சான்று வேண்டா. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்டு 15-இல் தொடங்கியது. அக்காலத்தில் ஒரு தெருவில் ஒரு வீட்டில் பெட்டி இருந்தால், ஞாயிறு மாலையில் தெரு முழுவதும் அந்த வீட்டுத் திண்ணையில் கூடும். வீட்டுக்காரரின் குரலிலும் சற்று அதிகாரம் கூடும். 2006-இல் தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தைத் தொடங்கி, 2011-க்குள் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்குப் பெட்டி வழங்கியது. குடிசையிலும் பெட்டி வந்தபின், பெட்டியால் வரும் பெருமை போயிற்று. உடனே பெட்டியின் அகலமும் தட்டையும் பெருமையாயின. ஓட்டம் நிற்கவில்லை.

பிளெக்ஸ் தட்டியின் வரலாறு இன்னும் வருந்தத்தக்கது. திரைப்படங்களுக்குக் கையால் பெரும் பதாகைகள் தீட்டிய ஓவியர் கூட்டம் ஒன்று தமிழகத்தில் இருந்தது. கட்டம் போட்டு, சிறு படத்தை ஆள் உயரத்துக்கு மேல் பெருக்கித் தீட்டும் அரிய திறமை அவர்களுடையது. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் கணினி அச்சு வந்ததும் சில ஆண்டுகளில் அந்தத் தூரிகைகள் ஓய்ந்தன. மணிக்கணக்கில் முடியும் வேலையாகிவிட்டதால், காதணி விழா, பூப்பு நன்னீராட்டு, திருமணம், இரங்கல் என்று எல்லாவற்றுக்கும் எல்லார் முகமும் சாலையில் நின்றன. 2019 செப்டம்பரில் சென்னைப் பள்ளிக்கரணையில் சாலையோரப் பதாகை ஒன்று சரிந்து விழ, இரு சக்கர வண்டியில் சென்ற இளம்பெண் ஒருவர் லாரியில் சிக்கி உயிரிழந்தார். வீட்டு வாசலில் இருந்தவரை ஒருவரது பெருமை பிறருக்கு இடையூறு செய்யவில்லை. நடுச்சாலைக்கு வந்தபின் அது உயிரையும் கேட்டது.

நம் ஆலயங்களுக்கு வருவோம். விருத்தாசலத்தை அடுத்த கோணான்குப்பத்தில் பெரியநாயகி அன்னைக்கு ஆலயம் எழுப்பினார் வீரமாமுனிவர். முகாசாபரூர்க் கச்சிராயர் அதற்குத் துணை நின்றார் என்பது அவ்வூரில் வழங்கும் மரபு. அன்னையைத் தமிழ்ப்பெண்ணின் கோலத்தில் வரையச் செய்து, அப்படத்தை மணிலாவுக்கு அனுப்பிச் சுரூபம் செதுக்கி வரவழைத்தார் என்றும் சொல்லுவர். என்ன வேண்டும் என்று தெளிந்து, அதற்கென வரைந்து, காத்திருந்து பெற்ற சுரூபம் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்துச் சேன் சுல்பீஸ் ஆலயத்தைச் சுற்றியிருந்த கடைகள், அச்சில் வார்த்த சாந்துச் சுரூபங்களை உலகெங்கும் அனுப்பின. ஒரே முகம், ஒரே நீல மேலாடை, ஒரே சாய்ந்த பார்வை! இன்று அதன் இடத்தைப் பைபர் சுரூபம் பிடித்துள்ளது. விலைப்பட்டியலைப் பார்த்து, அடிக்கணக்கில் உயரம் சொல்லி வாங்கிவிடுகிறோம். பக்கத்துப் பங்கில் பத்தடி என்றால் நமக்குப் பன்னிரண்டடி வேண்டும் என்ற போட்டியும் உண்டு.

போட்டி சுரூபத்தோடு நின்றாலும் பரவாயில்லை. திருவிழாத் தேர் எந்தத் தெரு வழியாகப் போக வேண்டும், எந்தத் தெருவுக்குப் போகக் கூடாது, முதல் மரியாதை யாருக்கு என்பனவற்றால் பிளவுண்ட பங்குகளையும் நம் பகுதியில் கண்டிருக்கிறோம். ஆண்டவருக்காகச் செய்த தேர், ஒரு சாதி மற்றொரு சாதிக்குத் தன் உயரத்தைக் காட்டும் அடையாளமாக மாறிவிட்டால், அதன் சிற்பம் எவ்வளவு நுட்பமானதாயினும் பயன் என்ன? இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் 1963 டிசம்பர் 4-இல் வெளியிட்ட திருவழிபாட்டுச் சட்டம், திருக்கலைகளை வளர்க்கும்போது வெறும் ஆடம்பரத்தை நாடாமல் உயரிய அழகையே நாட வேண்டும் எனக் கூறுகிறது. கபிலர் காரிக்குச் சொன்னதும் ஏறக்குறைய இதுதான். நிறைய என்பது வேறு. தகுந்தது என்பது வேறு.

மரச்சிற்பியை மறந்துவிட்டோம் என்று எண்ண வேண்டா. 2020-இல் பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கும், 2021-இல் கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. வேறிடத்தில் செய்த பொருளைக் கள்ளக்குறிச்சிச் சிற்பம் என்ற பெயரில் விற்க இச்சட்டம் தடை செய்கிறது. நல்ல காவல்தான். ஆயினும் குறியீடு பெயரைக் காக்குமேயன்றி, வேலையைக் கொண்டுவந்து தராது. மறுபுறம், கணினியால் இயங்கும் சி.என்.சி. இயந்திரம் ஒரு கதவுக்குரிய பூவேலையைச் சில மணி நேரத்தில் செதுக்கித் தள்ளுகிறது. நூறு கதவிலும் ஒரே பூ, இதழ் பிசகாது. வயதான சிற்பி ஒருவர் நம்மிடம், "சாமி, மெஷின் மேல எனக்குக் கோபம் இல்லிங்க. நான் பண்ணினதையும் அது பண்ணினதையும் பக்கத்துல பக்கத்துல வெச்சா, வாங்க வர்றவங்களுக்கு வித்தியாசம் தெரியல. அதான் வருத்தம்" என்றார். அவர் மகன் வெளியூரில் வண்டி ஓட்டுகிறான். நாற்பது ஆண்டுக் கைப்பழக்கம் அந்தத் தகப்பனோடு நின்றுவிடும் போலிருக்கிறது.

பணம் இல்லாததால் கலை அழிகிறது என்று நாம் பொதுவாகச் சொல்லுகிறோம். ஆனால் அந்த வட்டாரத்தில் பணம் முன்னிலும் அதிகமாகவே புழங்குகிறது. வாழ்த்துத் தட்டிக்கும் சீரியல் விளக்குக்கும் வாணவேடிக்கைக்கும் அது தடையின்றிப் பாய்கிறது. குறைந்துபோனது வரிசை அறியும் கண். முன்பு பத்து ஜமீன்தார்களுக்கு அந்தக் கண் இருந்தால் போதும். நூறு சிற்பிகள் பிழைத்தார்கள். இன்று புரவலர் யார்? நீங்களும் நாமும்தான். கோடிக்கணக்கான சாதாரணக் குடும்பத்தார் ஆளுக்குக் கொஞ்சமாகச் செலவிடுவதே இன்றைய கொடை. அதனால் அந்தக் கண்ணும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் வேண்டியதாகிறது.

செய்யக்கூடியவை சிலவற்றைச் சொல்லி முடிக்கிறோம். கடன் வாங்கி வாசலை அலங்கரிக்க வேண்டா. ஆனால் வீட்டுச் செபபீடத்துக்கு ஒரு சிறு மரச்சிலுவை வாங்குவதாயின், அதை ஒரு சிற்பியின் கையிலிருந்து வாங்குங்கள். வாங்குவதற்கு முன் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய், அவர் செதுக்குவதை அரைமணி நேரம் பார்க்கச் செய்யுங்கள். உளி போன தடத்தையும் இயந்திரம் போன தடத்தையும் விரலால் தடவிப் பார்த்துக் குழந்தை வேறுபாடு கண்டுகொண்டால், ஒரு புரவலர் உருவாகிவிட்டார். புதிய வாசகமேடையோ நற்கருணைப் பேழையோ செய்யும் பங்குகள், ஒரு செல்வரிடம் முழுத்தொகையையும் பெற்று அவர் பெயரைப் பொறிப்பதைவிட, குடும்பத்துக்குச் சிறு தொகையாகத் திரட்டி, பெயரே இல்லாமல் செய்வது மேல். எருசலேம் ஆலயத்தின் காணிக்கைப் பெட்டியருகே அமர்ந்து, செல்வர்கள் போட்டதையும் ஏழைக் கைம்பெண் போட்ட இரு காசுகளையும் ஆண்டவர் பார்த்துக்கொண்டிருந்தார். யாருடைய காணிக்கை பெரிது என்று அவர் கூறிய தீர்ப்பு நமக்குத் தெரியும். அந்தக் கைம்பெண்ணின் பெயரோ, நமக்கு இன்றுவரை தெரியாது.

யாத்திராகமத்தில், கூடாரப் பணிக்காக இறைவன் பெசலேல் என்பவனைப் பெயர் சொல்லி அழைத்தார் என்றும், மரத்தைச் செதுக்கும் திறமை வரை அவனுக்குத் தம் ஆவியால் அருளினார் என்றும் வாசிக்கிறோம். வேலை செய்தவன் பெயர் அங்கே நிலைத்திருக்கிறது. நாமோ கொடுத்தவர் பெயரைப் பளிங்கில் வெட்டுகிறோம். செதுக்கியவர் யார் என்று கேட்பதுகூட இல்லை. அடுத்த முறை உங்கள் ஆலயத்துக்கு ஒரு மரவேலை வந்து சேரும்போது, செய்தவரையும் திருப்பலிக்கு அழையுங்கள். அவர் எம்மதத்தவராயினும் சரி, மக்கள் முன்னிலையில் பெயர் சொல்லிப் பொன்னாடை போர்த்துங்கள். தச்சன் மகன் என்று ஊரார் ஏளனமாய்ச் சொன்ன பெயரைத் தாங்கிக்கொண்ட நம் ஆண்டவர், அந்தத் தச்சரையும் அவர் குடும்பத்தையும் நம் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக!